பாதாள ஸ்பீக்கர்

மனித குலம் தோன்றிய நாளிலிருந்து ஒலியைக் காதால் கேட்டவன் நான் ஒருவன்தான். மற்ற எல்லோரும் விலைச்சீட்டால் கேட்டிருக்கிறார்கள். இதை நான் தற்பெருமையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது, ரயில் வந்துவிட்டது என்று சொல்வதைப்போலச் சொல்கிறேன். நகோயாவில் எங்கள் கல்லூரி ஜெராக்ஸ் பத்திரிகையின் கடைசிப் பக்கம் என்னுடையது. மூன்றாம் ஆண்டு, நகுமோ. அதைப் படிக்கிற யாரும் இந்த உண்மையை இதுவரை மறுத்ததில்லை. படிக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர்தான் என்பது வேறு விஷயம்.

அந்தக் கடைசிப் பக்கத்தில் ஆளுயர ஸ்பீக்கர் வாங்கியவர்களைக் கிழித்திருக்கிறேன். ஊறுகாய்ப் பானைக்குள் ஸ்பீக்கர் பொருத்தியவரைக் கிழித்திருக்கிறேன். எல்லாரையும்விட அதிகமாகக் கிழிபட்டவர்கள் பத்து யென் காசுக்காரர்கள். ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் ஆகியவற்றின் கால்களுக்கு அடியில் காலுக்கொரு பத்து யென் காசைச் சொருகினால் இசை துலங்கும் என்று நம்பும் பெருங்கூட்டம் ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது. செம்புக் காசாம், அதிர்வைக் குடித்துவிடுமாம். 'கோயில் உண்டியலில் போட்டால் சாமிக்காவது கேட்கும். ஸ்பீக்கருக்கு அடியில் போட்டால் போட்டவருக்கு மட்டும்தான் கேட்கும்' என்று எழுதினேன். ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள்.

என் வைத்தியம் எளிது. கண்ணை மூடு. எடு, கேள். வை, கேள். எடுத்ததும் வைத்ததும் தெரியாவிட்டால் வீட்டுக்குப் போ.

ஒரு நாள் மதியம் கேன்டீனில் தொமோயே என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். என் வகுப்புதான். மனதுக்குள் அவளோடு ஒரு வருடமாகத் தினமும் பேசிக்கொண்டிருந்தேன். வெளியே பேசுவது எப்போதாவது. தட்டில் கறியும் சோறும் ஆறிக்கொண்டிருந்தன, அவள் தொடவில்லை.

"நகுமோ, உன்னால ஒரு ஆளைத் தெளிய வைக்க முடியுமா?"

"யாரை?"

"எங்கப்பாவை."

"எவ்வளவு முத்தியிருக்கு? கம்பியா, ஸ்பீக்கரா?"

"வீடே ஸ்பீக்கர்டா."

நான் ஸ்பூனைக் கீழே வைத்தேன்.

அவள் அப்பா ஹிருகாவா தாஜிமியில் டைல்ஸ் கம்பெனியில் அச்சு வார்க்கிற வேலையில் இருந்தவர். இருபது வருடம் முன்பு வீடு கட்டியபோது, அஸ்திவாரத்தோடு சேர்த்துத் தன் கையால் ஒரு காங்கிரீட் குழாயையும் வார்த்திருக்கிறார். பழைய கிராமபோனின் கூம்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு லாரி நீளத்துக்கு இழுத்து, வளைத்து, வீட்டுக்கு அடியில் புதைத்துவிட வேண்டும். ஒல்லியான முனை சமையலறைக்கு அடியில். அங்கே ஸ்பீக்கர் உட்கார்ந்திருக்கும். அகலமான வாய் கூடத்துச் சுவரில் திறக்கும்.

"போன நவம்பர்லேர்ந்து சத்தம் கெட்டுப்போச்சுங்கறார். கம்பி மாத்தினார். ஆம்ப்ளிஃபயர் மாத்தினார். கரண்ட் அழுக்கா இருக்குன்னு தோட்டத்துல எங்க வீட்டுக்குன்னே தனியா ஒரு மின்கம்பம் நட்டார்."

"தனிக் கம்பமா?"

"சிரிக்காதே. இப்ப குழாய் நீளம் போதலைங்கறார். சமையலறைத் தரையை முழுசா உடைச்சு நீட்டப் போறாராம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கான்ட்ராக்டர் மிவா வந்து தரையில கோடு போடறார். கோடு விழுந்தா அம்மா ஒகஸாகியில பெரியம்மா வீட்டுக்குப் போயிடுவாங்க. திரும்பி வர மாட்டாங்க."

"கோபத்துல எல்லாரும் சொல்றதுதான்."

"கோபமா சொல்லியிருந்தா நான் ஏன் பயப்படப் போறேன்? பாத்திரம் துடைச்சுக்கிட்டே சொன்னாங்க. சொல்லிட்டு அந்தப் பாத்திரத்தை அதுக்குரிய இடத்துல வெச்சாங்க."

அவள் கண்ணைப் பார்த்தேன். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இன்னும் வசதியாக இருந்திருக்கும்.

"ஒரு மத்தியானம் போதும். எல்லாம் மனப்பிரமைன்னு உங்கப்பா வாயாலேயே சொல்ல வைக்கறேன்" என்றேன். மழை பெய்கிறது என்று சொல்கிற அதே குரலில்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு டப்பா அரிசி அல்வாவோடு தாஜிமியில் இறங்கினேன். வாசலில் செருப்புகளை விடும் இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி நின்றிருந்தது. சக்கரப் பெட்டி. கைப்பிடி ஏற்கெனவே இழுத்து உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. ஷூவைக் கழற்றும்போது அது என் முழங்காலில் இடித்தது, கனமாக இருந்தது. சும்மா பயமுறுத்த வைத்த பெட்டி இவ்வளவு கனக்காது.

"வாங்க தம்பி, தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க" என்று தொமோயேயின் அம்மா குனிந்து வணங்கினார். சிஸுரு என்று பெயர். சிறிய உருவம். என்னைப் பார்ப்பதற்கு முன் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

கூடத்தில் ஹிருகாவா எழுந்து நின்றார். மெலிந்த மனிதர்; தூங்கிப் பல நாள் ஆனவர்போல் கண்கள். வேறு வீடாக இருந்தால் கூடத்துச் சுவரின் மாடத்தில் ஒரு ஓவியமும் ஒரு பூச்சாடியும் இருந்திருக்கும். இங்கே மாடமே இல்லை. ஒரு கன்றுக்குட்டி தாராளமாக நடந்து உள்ளே போகக்கூடிய கறுத்த வாய் இருந்தது. எங்கள் வழக்கப்படி விருந்தாளியை மாடத்துக்கு முதுகு காட்டி உட்காரவைப்பதுதானே மரியாதை? "உட்காருங்க" என்று அங்கேயே கை காட்டினார். உட்கார்ந்தேன். பிடரியில் குளிர்ந்த காற்று மெல்ல ஊதியது.

"அப்பா, அங்க உட்கார்ந்தா பாட்டு எப்படிக் கேட்கும்?" என்றாள் தொமோயே.

"ஆமாமா, இந்தப் பக்கம் வாங்க" என்று பதறினார். "தம்பி எதையும் நம்ப மாட்டீங்கன்னு பொண்ணு சொன்னா. நல்லது. இங்க வர்றவங்க எல்லாம் தலையாட்டிட்டுப் போயிடறாங்க. எனக்கு நிஜம் சொல்ற காது ஒண்ணு வேணும்."

"அதுக்குத்தான் வந்திருக்கேன் ஐயா."

பியானோவும் டபுள் பாஸும் மட்டும் உள்ள ஒரு இசைத்தட்டைப் போட்டார். நான் முகத்தை ஆயத்தப்படுத்திக்கொண்டேன். வித்தியாசம் ஒன்றுமில்லை, எல்லாம் சரியாகவே இருக்கிறது, மனசுதான் காரணம்: பேச வேண்டியதை ரயிலிலேயே எழுதி மனப்பாடம் செய்திருந்தேன்.

பாஸ் தந்தி முதல் முறை அதிர்ந்தது. அதிர்ந்தது நிற்கவில்லை. அடுத்தது அதன் மேல் ஏறியது. காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் நின்றுகொண்டு யாரோ இரங்கல் கூட்டத்தில் பேசுவதுபோல் எல்லாம் ஊம்ம் என்று ஒன்றாகிவிட்டது. என் பல் கூசியது. இது மனப்பிரமை இல்லை. மட்டமான சத்தம்.

"உங்களுக்கும் கேட்குதில்ல?" என்றார் ஹிருகாவா. குரலில் ஒரு கெஞ்சல்.

கேட்கிறது என்றால் சமையலறைத் தரை போகும், தரையோடு பெட்டியும் போகும். கேட்கவில்லை என்றால் நான் பொய்யன். தொமோயே தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா... பழகின காதுல சில நேரம் மனசு..."

"மனசா? அந்தக் கப்பைப் பாருங்க."

எனக்கு வைத்திருந்த தேநீரில் வளையம் வளையமாக அலை அடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப எப்படி இருந்துச்சு தெரியுமா? பத்திரிகைக்காரங்க வந்து போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. பூமி மூச்சு விடற மாதிரி இருக்குன்னு எழுதினாங்க. இப்ப பூமிக்கு வயித்து வலி. மிவா நாலு மணிக்கு வர்றார். நீட்டிட்டா சரியாயிடும்." அதைச் சொன்ன வேகத்திலேயே அவருக்கும் நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டேயிருந்தார்.

"எனக்குக் கொஞ்சம் தனியா யோசிக்கணும் ஐயா" என்றேன். என் குரல் எனக்கே பழக்கமில்லாமல் இருந்தது.

"யோசிங்க, யோசிங்க. நான் போய்க் கம்பத்துல கரண்டை ஒரு தடவை பார்த்துட்டு வரேன்." மீட்டரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்.

நான் சமையலறைக்குப் போனேன். யோசிக்க அல்ல, தப்பித்துப் போகப் பின்வாசல் எங்கே இருக்கிறது என்று பார்க்க. தொமோயே பின்னாலேயே வந்தாள்.

"என்னடா, ஒரு மத்தியானம் போதும்னியே?"

"உங்கப்பா சொல்றது நிஜம். சத்தம் கெட்டுத்தான் இருக்கு."

"ஐயோ, இதைச் சொல்லவா உன்னைக் கூப்பிட்டேன்? இதை அவரே சொல்றாரே!"

அம்மா அடுப்பருகில் நின்றிருந்தார். காலடியில் தரையோடு தரையாக ஒரு சதுரப் பலகைக் கதவு இருந்தது. எல்லா வீட்டுச் சமையலறையிலும் ஊறுகாய் ஜாடி வைக்க இருக்குமே, அந்த மாதிரி.

"அம்மா, குழாயோட ஒல்லி முனை எங்கே வருது?"

அவர் மெதுவாகக் கதவின் மேலேயே ஏறி நின்றுகொண்டார்.

"அம்மா?" என்றாள் தொமோயே.

"ஸ்பீக்கரை ரிப்பேர் பண்ணணும்னா இறங்கறதுக்கு வெச்ச கதவு" என்றார் அம்மா. "உங்கப்பா கட்டி முடிச்சப்புறம் ஒரு தடவைகூடத் திறக்கல. சும்மா கெடந்துச்சு. உள்ள நல்ல காய்ஞ்ச இடம். பூச்சி கிடையாது. வீட்டுல அலமாரி எங்க இருக்கு? அலமாரி இருக்கவேண்டிய இடத்துல எல்லாம் ரெக்கார்டு."

"உள்ள என்ன வெச்சீங்க?"

"மெத்தைதான். குளிர்கால மெத்தை. உங்க பாட்டியோட பழைய மெத்தை, விருந்தாளி மெத்தை. குளிர்காலத்துல ரெண்டு எடுப்பேன், மிச்சம் உள்ளேயே இருக்கும். இருபது வருஷமா."

எனக்கு மெல்லப் புரிந்தது. "போன நவம்பர்ல?"

"பெரியம்மா அந்தப் பை வாங்கிக் கொடுத்தா. வாக்குவம் கிளீனரை வெச்சு காத்தை உறிஞ்சினா மெத்தை அப்பளம் மாதிரி ஆயிடுமே, அது. எல்லாத்தையும் அப்பளமாக்கி மாடிக்கு ஏத்திட்டேன். இடம் மிச்சமாச்சேன்னு சந்தோஷமா இருந்தேன்." புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "மறுநாள் காலையில உங்கப்பா கூடத்துல நின்னு, 'ஏதோ செத்துப்போச்சு'ன்னார். எனக்குப் புரிஞ்சுடுச்சு."

"அப்ப சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது? அஞ்சு வருஷம் லீவு நாள் எல்லாம் செலவு பண்ணி அவர் கையால வார்த்தது. பத்திரிகையில வந்த அன்னிக்கு அந்தப் பக்கத்தைக் கையில வெச்சுக்கிட்டே தூங்கினார். அது மெத்தையால வந்த சத்தம்னா, அப்புறம் அவர்கிட்ட என்ன மிச்சம் இருக்கும்?"

"அதுக்காக வீட்டை விட்டுப் போறீங்களா?" என்றாள் தொமோயே.

"அந்தத் தரையை உடைச்சா உள்ள என்ன இருக்கும்? கதவுல கட்டின மெத்தைக் கயிறு, காலி அந்துருண்டை டப்பா, எல்லாம் அப்படியே இருக்கு. அவர் அதைப் பார்க்கற நேரத்துல நான் இங்க நிக்க மாட்டேன்."

என் கொள்கைப்படி இந்த இடத்தில் நான் தோட்டத்துக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். கடைசிப் பக்கத்துக்கு இதைவிட நல்ல கதை ஆயுசுக்கும் கிடைக்காது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஹிருகாவா தன் சொந்த மின்கம்பத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வைத்தியர் இல்லாத ஊரில் பிள்ளையின் மார்பில் காதை வைக்கிற தகப்பன் மாதிரி.

"மெத்தை எங்க?" என்றேன்.

மாடியிலிருந்து அப்பளங்களைச் சுமந்து இறங்கினோம். பையின் மூடியைப் பிடுங்கியதும் அவை புஸ்ஸென்று மூச்சு இழுத்துக்கொண்டு புளித்த மாவுபோல் உப்பின. அந்துருண்டை வாசனை தூக்கியடித்தது. நான் குழிக்குள் இறங்கி நின்றேன், அம்மா மேலிருந்து, "அது வலது ஓரம்... இல்ல, மடிச்சு, மடிச்சு... பாட்டி மெத்தை கடைசியில" என்று ரகசியக் குரலில் கட்டளையிட்டார். ஒவ்வொரு மெத்தைக்கும் ஜன்னலைப் பார்த்தார். கம்பத்தடியில் ஹிருகாவா நிமிர்ந்தார்.

"அப்பா திரும்பறார்!" என்றாள் தொமோயே.

கதவை மூடினோம். அம்மாவின் தலைமுடியில் பஞ்சு.

"என்ன பண்ணினேன்னு கேட்பாரே? நான் என்ன சொல்றது?" என்றேன். 

தொமோயே என்னைப் பார்த்தாள். அவள் உதட்டோரம் அன்றைக்கு முதல் முறையாகத் துடித்தது. "பத்து யென் காசு வெச்சேன்னு சொல்லு."

"முடியாது."

"ஏன்?"

"வேற ஏதாவது சொல்லு. கிரகம்னு சொல்றேன். ஈரப்பதம்னு சொல்றேன்."

"கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒண்ணு வேணும். பைசா வெச்சிருக்கியா இல்லையா?"

தோட்டத்துக் கதவு நகர்ந்தது. நான் கூடத்துக்கு ஓடி, ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி, ரயில் டிக்கெட் வாங்கி மிஞ்சிய சில்லறையிலிருந்து காலுக்கு ஒரு பத்து யென்னாகச் சொருகினேன். என் வாழ்நாளில் இவ்வளவு கூச்சத்தோடு ஒரு காசை எங்கும் வைத்ததில்லை.

ஹிருகாவா உட்கார்ந்தார். ஊசி இறங்கியது.

பாஸ் தந்தி அதிர்ந்தது, நின்றது. அடுத்தது வந்தது, அதற்கென்று ஒரு இடம் இருந்தது. தரை வழியாக உள்ளங்காலில் ஏறி, முதுகுத்தண்டில் ஒரு விரல் வைத்து எடுத்ததுபோல் இருந்தது. தேநீர் அசையவில்லை. ஹிருகாவா அசையவில்லை. பக்கம் முடிந்து ஊசி ஓரத்தில் கரகரத்தபோதும் அசையவில்லை. மூக்கை மட்டும் லேசாக உறிஞ்சினார்.

"வாசனையும் வந்துடுச்சு" என்றார்.

எனக்கும் வந்தது. அந்துருண்டை.

"பாஸ் இறங்கறப்ப எப்பவும் இந்த வாசனை வரும். காங்கிரீட் மூச்சு விடறதுன்னு நினைச்சுப்பேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "என்ன பண்ணினீங்க?"

"பத்து யென் காசு" என்றேன். "ஆம்ப்ளிஃபயருக்கு அடியில."

தொமோயே இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தார். ஒரு காசைத் தொட்டு, "இதுல ஓரத்துல பல் இருக்கே! பழைய காசு. இப்பல்லாம் இது கிடைக்கறதில்ல. இதனாலதான்" என்றார். எழுந்தபோது முகம் பத்து வயது குறைந்திருந்தது. நான் மூச்சு விட்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

"ஆனா தம்பி, நீங்க பத்திரிகையில எழுதற விதி ஒண்ணு இருக்காமே? பொண்ணு சொன்னா. எடு, கேள், வை, கேள். அப்பதான் நம்பணும். நூத்துக்கு நூறு சரி. காசை எடுங்க, கேட்போம். சத்தம் மாறலைன்னா இது ஏதோ தற்செயல். மிவா வரட்டும்."

கடிகாரம் நாலை நெருங்கிக்கொண்டிருந்தது. காசை எடுத்தால் எதுவும் மாறப்போவதில்லை. மாற வேண்டுமென்றால் மெத்தை வெளியே வந்தாக வேண்டும். நான் சமையலறைப் பக்கம் கழுத்தை நீட்டி, நாடகத்தில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசுவதுபோல் கத்தினேன்.

"அப்ப, காசை, எடுத்துடறேன் ஐயா! இப்பவே, எல்லாத்தையும், வெளியே, எடுக்கப் போறேன்!"

"ஏன் கத்தறீங்க? என் காது நல்லாத்தான் இருக்கு."

சமையலறையில் ஏதோ நகர்கிற சத்தம். ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி ஒவ்வொரு காசாக எடுத்தேன். எவ்வளவு மெதுவாக எடுக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக. ஒன்றைக் கீழே போட்டு, அது உருண்ட இடமெல்லாம் தேடினேன். அதற்குமேல் இழுக்க முடியவில்லை.

ஊசி இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டேன்.

மாறியிருந்தது. பழையபடி தொட்டிக்குள் இரங்கல் கூட்டம் இல்லை. ஆனாலும் ஓரம் மழுங்கியிருந்தது. பாஸ் ஒரு அடி பின்னால் போய் நின்றிருந்தது. பியானோவின் மேல் மெல்லிய தூசி. சந்தேகமே இல்லை. சிஸுரு அம்மா தெய்வம், முடிந்தவரை மெத்தையை வெளியே இழுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"கேட்டீங்களா?" என்றார் ஹிருகாவா.

"கேட்டேன் ஐயா. தெளிவாவே கேட்டேன்."

"வைங்க."

"அப்ப, திரும்ப, உள்ளே, வெக்கறேன் ஐயா!" என்று கத்திவிட்டு வைத்தேன். ஊசி இறங்கியது. தூசி போய்விட்டது. பாஸ் முன்னால் வந்து தன் இடத்தில் நின்றது. ஹிருகாவா இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை ஈரமாக இருந்தது, என்னுடையதும்தான்.

"ஏம்மா!" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். "மிவாவுக்குப் போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லிடு. தரை அப்படியே இருக்கட்டும்."

"சரிங்க" என்று பதில் வந்தது. சாதாரணமாக.

விடைபெறும்போது வாசலில் பெட்டி இல்லை. அது நின்ற இடத்தில் தரையில் இரண்டு சக்கரத் தடம் மட்டும் இருந்தது. அம்மா நிறையக் கஷ்கொட்டை போட்டு வேகவைத்த சோறு ஒரு டப்பாவைத் துணியில் கட்டி என் கையில் வைத்தார். ஹிருகாவா கூடத்தில் அடுத்த தட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அம்மா, உங்க வேகம்!" என்றேன் தாழ்ந்த குரலில். "அத்தனை மெத்தையையும் அதுக்குள்ள எப்படி எடுத்தீங்க, எப்படித் திரும்ப வெச்சீங்க?"

அவர் புரியாமல் பார்த்தார்.

"நான் எங்க தம்பி எடுத்தேன்? முதல் தடவை பாட்டு நல்லா வந்த உடனேயே மிவாவுக்குப் போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிட்டேன். அந்த மனுஷன் லேசுல போனை வைக்க மாட்டார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசிக்கிட்டிருந்தேன். நீங்க ஏதோ கத்தினீங்களே, என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

தொமோயே ஸ்டேஷன் வரைக்கும் வந்தாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள், அந்த ஒரு வருடத்தில் பேசியதைவிட அதிகம். "அடுத்த இதழ்ல எழுதிடாதே, கொன்னுடுவேன்" என்றாள். எழுத மாட்டேன் என்றேன். "எங்கப்பாவைப் பாரேன், காசாம், வித்தியாசமாம்! கேட்டேன்னு நீயும் எவ்வளவு அழகா நடிச்சே!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அது சரியாக வரவில்லை.

மறுநாள் காலை கல்லூரிக்குப் போகவில்லை. தெருமுனை டீ மெஷினில் பெரிய நாணயத்தைப் போட்டு மீதியை வாங்கி, ஒவ்வொரு பத்து யென்னின் ஓரத்தையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். பின்னால் வரிசை சேர்ந்தது. தள்ளி நின்று வழிவிட்டுவிட்டு மறுபடி போட்டேன். பல் உள்ள காசு ஒன்றுதான் கிடைத்தது. மற்றவை வழுவழுப்பு.

அறைக்கு வந்து கதவைத் தாழ் போட்டேன். மேசை மேலிருந்த என் சின்ன பிளாஸ்டிக் ஸ்பீக்கர்களைத் தூக்கி, ஒன்றுக்கு மூன்றாகக் காசுகளை வைத்தேன். பல் உள்ளது இடது பக்கத்துக்கு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

எடுத்துப் பார்க்கவில்லை.